மந்திரப் பொருள் கைக்கு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி பாரதி பூங்காவில் மாதம் ஒரு தடவை கூடிக் கதை பேசுகிற சின்ன வாசிப்பு வட்டம் எங்களுடையது. கல்லூரிப் பிள்ளைகள், பணி ஓய்வு பெற்றவர்கள், கடலூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற இரண்டு மூன்று பேர். எந்த மாயக் கதையை எடுத்தாலும் பேச்சு கடைசியில் ஒரு மோதிரத்திலோ விளக்கிலோ போய் நிற்கும். புதிதாக வருகிறவர்களும் அதே சந்தேகங்களைக் கேட்பார்கள். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பல கதைகளின் முடிவைப் போட்டு உடைத்திருக்கிறேன், படிக்காதவர்கள் உஷார்.

மேடம், மந்திரப் பொருள்னா எது? வாளும் மோதிரமும் ஒரே கணக்கா?

இல்லை. சும்மா நன்றாக வெட்டுகிற வாள் ஆயுதம்தான். நாம் பேசுவது, வைத்திருப்பவரின் சொந்த பலத்துக்கு மீறிய ஒன்றைத் தருகிற பொருளை. கண்ணுக்குத் தெரியாமல் போவது, அள்ள அள்ளக் குறையாத சோறு, தினமும் பொன், சாகாத உடம்பு, இப்படி. அது கைக்கு வந்ததும் ‘இதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?’ என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். வராவிட்டால் அது வெறும் சாமான்.

எங்கள் வட்டத்தில் அதிகம் அடிபடுவது டோல்கீன் எழுதிய ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954–55). தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: சௌரோன் என்கிற கொடியவன் தன் சக்தியில் பெரும்பங்கை ஒரு பொன் மோதிரத்துக்குள் அடைத்து வைத்தான். பிறகு போரில் அதை இழந்தான். அது பல கை மாறி ஃபுரோடோ என்கிற ஹாபிட்டிடம் வந்து சேர்கிறது. ஹாபிட் என்றால் குள்ள உருவமும் சாப்பாட்டுப் பிரியமும் உள்ள, ஊர் உலக வம்புக்குப் போகாத இனம். மோதிரம் உருவான எரிமலையிலேயே கொண்டுபோய்ப் போட்டால்தான் அது அழியும்.

ஒரே மோதிரம்தானே? ஏன் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு ஆசை காட்டுது?

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். கடைக்காரர் நம் கண் எந்தப் பக்கம் போகிறதோ அந்தச் சட்டையைத்தான் எடுத்து உதறிக் காட்டுவார். மோதிரமும் அப்படித்தான். புதிதாக ஆசை எதையும் அது உண்டாக்குவதில்லை. உள்ளே ஏற்கெனவே இருப்பதை எடுத்து, பெரிதாக்கி, முன்னால் விரித்துக் காட்டுகிறது.

போரமிர் ஒரு படைத்தலைவன். அவன் நகரம் எதிரியின் வாசலில் நிற்கிறது. அவனுக்கு மோதிரம் காட்டுவது வெற்றி பெற்ற படையை. கலாட்ரியல் எல்ஃப் இனத்துத் தலைவி, ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்ந்தவள். அவளுக்குக் காட்டுவது எல்லோரும் நேசித்து நடுங்குகிற மகாராணியாக அவளையே. ஃபுரோடோவின் தோட்டக்காரன் சாமுக்கு? அவனிடம் மோதிரம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதற்குள் அவனுக்கு ஒரு காட்சி வருகிறது: அவன் கையில் எரிகிற வாள், பின்னால் பெரும்படை, எதிரியின் பாழ்நிலம் முழுக்க அவன் சொல்லுக்குப் பூத்துக் காய்க்கிற தோட்டம். தோட்டக்காரனுக்குத் தோட்டத்தையே காட்டுகிறது. எத்தனை தடவை படித்தாலும் எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வருகிற இடம் இது. சாம் தப்பித்ததற்கு ஒரு காரணம் எஜமான் மேல் இருந்த அன்பு. இன்னொரு காரணம், தன் இரண்டு கையால் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு சின்னத் தோட்டம் போதும் என்ற தெளிவு.

நல்லவங்க கையில கொடுத்தா நல்லதுதானே நடக்கும்? அந்த மந்திரவாதித் தாத்தா ஏன் அலறுறார்?

காண்டால்ஃபைக் கேட்கிறீர்கள். ஃபுரோடோ ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று நீட்டியதும் அவர் பதறிப்போய் மறுக்கிறார். அவர் சொல்லும் காரணம்தான் முழுக் கதைக்கும் திறவுகோல். தன்னிடம் மோதிரம் வரக்கூடிய வழி இரக்கம் என்கிறார். பலவீனர்கள் மேல் இரக்கம், நல்லது செய்யவேண்டும் என்ற ஆசை.

பணத்தாசையோ பதவி ஆசையோ இல்லாதவரை எப்படி வளைப்பது? அவருடைய நல்ல குணத்தைப் பிடித்துத்தான். நல்லவர் கையில் இருந்தால், தான் செய்வது நல்லதுதான் என்ற நிச்சயமும் கூடவே இருக்கும். அந்த நிச்சயத்தோடு, எல்லோரையும் பணிய வைக்கிற சக்தியும் சேர்ந்தால் அவரை யார் தடுப்பது? கெட்டவனிடமாவது அவன் கெட்டவன் என்று ஊருக்குத் தெரியும்.

அப்போ போரமிர் வில்லனா இல்லையா? ஃபுரோடோ மேலேயே பாய்ஞ்சானே.

பாய்ந்தான். ஆனால் அந்த அத்தியாயத்தை மெதுவாகப் படியுங்கள். முதலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆறுதலாகப் பேசுகிறான். அப்புறம் அதை இன்னொரு தடவை பார்க்கலாமா என்கிறான். அடுத்து, இவ்வளவு பெரிய ஆயுதத்தை அழிப்பது முட்டாள்தனம் என்று வாதம். எழுந்து முன்னும் பின்னும் நடந்துகொண்டே படை, வெற்றி, தான் எப்படி அரசனாவான் என்றெல்லாம் கற்பனை ஓடுகிறது. ஃபுரோடோ எதிரில் இருப்பதே அவனுக்கு மறந்துபோன மாதிரி. பிறகு ‘இரவலாவது கொடு’. ஃபுரோடோ மறுத்த பிறகுதான் அடிதடி.

ஒவ்வொரு படியும் முந்தைய படியை விடக் கொஞ்சம்தான் தாழ்வு. முதல் படியில் நின்று பார்த்தால் கடைசிப் படி தெரியவே தெரியாது. ஃபுரோடோ தப்பி ஓடிய உடனே தெளிந்து அழுகிறான், அடுத்து சின்ன ஹாபிட்டுகள் இருவரைக் காக்கப் போராடி அம்பு பட்டுச் சாகிறான். என் தீர்ப்பு: ஊரைக் காக்க அவசரப்பட்ட பிள்ளை. வில்லன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அவன் தம்பி ஃபரமிர் மட்டும் எப்படித் தப்பிச்சான்? படத்துல வேற மாதிரி வருதே?

புத்தகத்தில் ஃபரமிர், அது வழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்று விஷயம் முழுதாகத் தெரியும் முன்பே சொல்லிவிடுகிறான். தெரிந்த பிறகும் அந்தச் சொல்லில் நிற்கிறான். 2002இல் வந்த இரண்டாம் படத்தில் அவனும் தடுமாறி, ஃபுரோடோவைப் பிடித்துக்கொண்டு போய், பிறகுதான் விடுகிறான். ஒரு ஆள் இவ்வளவு சுலபமாக மறுத்துவிட்டால் மோதிரத்தின் மேல் பயம் போய்விடும் என்பது படக்காரர்கள் கணக்கு. திரைக்கதையாக அது சரி. எனக்குப் புத்தகத்து ஃபரமிரைத்தான் பிடிக்கும். வாளை அதன் கூர்மைக்காக நேசிக்கவில்லை, அது காக்கிற ஊரைத்தான் நேசிக்கிறேன் என்பவன் அவன். அண்ணனுக்கும் ஊர்ப்பற்று உண்டு, ஆனால் வெற்றியும் சேர்ந்து வேண்டும்.

மோதிரத்துக்கு மயங்காத ஆளே இல்லையா?

டாம் பாம்படில் என்று ஒருவர் வருகிறார். மோதிரத்தை வாங்கி விரலில் போடுகிறார், மறையவே இல்லை. வேடிக்கை காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அப்படியானால் அவரிடமே கொடுத்து வைக்கலாமே என்று கதையிலேயே கேட்கிறார்கள். வாங்கினாலும் எங்கேயாவது மறந்து போட்டுவிடுவார் என்று பதில் வருகிறது. எதுவும் வேண்டாதவரிடம் எதையும் காவல் வைக்க முடியாது. படத்தில் இவரை விட்டுவிட்டார்கள்.

வேண்டாம்னு சொல்றது கஷ்டமா, வச்சிருந்ததை விடறது கஷ்டமா?

விடுவதுதான். பில்போவைப் பாருங்கள், ஃபுரோடோவின் உறவுக்காரப் பெரியவர். மோதிரத்தை 60 வருஷம் வைத்திருந்துவிட்டு 111ஆவது பிறந்தநாளில் ஃபுரோடோவுக்கு விட்டுப்போக முடிவு செய்கிறார். உறையில் போட்டு அடுப்பு மாடத்தில் வைத்துவிட்டேன் என்கிறார். தேடினால் உறை அவர் பையிலேயே இருக்கிறது. காண்டால்ஃப் வற்புறுத்தியதும் கோபம் வந்து, கை வாளின் பிடிக்குப் போகிறது. கடைசியில் சம்மதித்து உறையை மாடத்தில் வைக்கப்போகும்போது கை தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது, உறை தரையில் விழுகிறது. அவர் குனியும் முன் காண்டால்ஃப் எடுத்து வைத்துவிடுகிறார். பில்போ முகத்தில் ஒரு கணம் கோபம், அடுத்த கணம் பாரம் இறங்கிய சிரிப்பு. வாய் சரி என்றது, கைக்குப் பக்கத்து ஆள் உதவி வேண்டியிருந்தது.

டாம் பாம்படிலைத் தவிர, மோதிரத்தைப் பயன்படுத்தியவர்களில் தானாக விட்டவர்கள் பில்போவும் சாமும்தான். இன்னொரு சங்கதி: 1937இல் வந்த ‘த ஹாபிட்’ முதல் பதிப்பில், மோதிரத்தை முன்பு வைத்திருந்த ஸ்மீகல் அதைப் பந்தயப் பரிசாகக் கொடுக்கத் தயாராகவே இருப்பான். அப்போது அது வெறும் மாயமோதிரம். பெரிய கதைக்காக அதன் குணத்தை மாற்றியதும், அந்தப் பிராணி அதை மனதார விடுவது பொருந்தவில்லை. 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே திருத்தி எழுதினார் டோல்கீன்.

கடைசியில ஃபுரோடோ தோத்துட்டானே? அப்புறம் அவன் என்ன ஹீரோ?

எங்கள் வட்டத்தில் சண்டை வருகிற கேள்வி. எரிமலை விளிம்பு வரை சுமந்து வந்தவன், அங்கே நின்று ‘இது என்னுடையது’ என்று விரலில் போட்டுக்கொள்கிறான். ஸ்மீகல் விரலோடு கடித்துப் பிடுங்கி, குதித்து, தவறி உள்ளே விழுகிறான். அப்படித்தான் மோதிரம் அழிகிறது.

வாசகர் கடிதத்துக்கு எழுதிய பதிலில் டோல்கீன் இதை ஒழுக்கத் தோல்வியாகக் கருதவில்லை என்று விளக்கியிருக்கிறார். அந்த இடத்தில் அந்தப் பாரத்தை யாராலும் எதிர்த்திருக்க முடியாது என்பது அவர் பக்கம். நான் சேர்ப்பது ஒன்றுதான். ஸ்மீகலைக் கொல்ல வாய்ப்பு வந்தபோது பில்போ கொல்லவில்லை, ஃபுரோடோவும் கொல்லவில்லை. அதனால்தான் கடைசியில் கடிக்க ஒரு வாய் இருந்தது. மேலே காண்டால்ஃபுக்கு ஆபத்து என்று சொன்ன அதே இரக்கம்தான். சக்தியோடு சேர்ந்தால் பயங்கரம், சக்தி இல்லாமல் தனியாக நின்றபோது காப்பாற்றியது.

வெள்ளைக்காரன் கதையே பேசறீங்களே டீச்சர், நம்ம கதையில இது இல்லையா?

நிறைய. மகாபாரதத்தின் சௌப்திக பர்வத்தில் கண்ணன் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்வார். பாண்டவர்கள் வனவாசத்தில் இருந்தபோது அசுவத்தாமன் துவாரகைக்கு வந்து, ‘என்னிடம் இருக்கும் பிரம்ம அஸ்திரத்தை எடுத்துக்கொள், உன் சக்கரத்தைக் கொடு’ என்று கேட்டானாம். ‘உன்னுடையது எனக்கு வேண்டாம், இதை வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்கிறார் கண்ணன். இடது கையால் முயன்றான், நகரவில்லை. வலது கையால் முயன்றான், நகரவில்லை. முழு பலத்தையும் போட்டுக் களைத்துப் போனான். ‘எனக்கு மிக நெருக்கமான அர்ஜுனனே கேட்டதில்லை, யாரோடு போரிட இதைக் கேட்டாய்?’ என்றதற்கு, ‘உன்னோடுதான்’ என்கிறான். இவ்வளவு வெளிப்படையான பேராசையை வேறெங்கும் நான் படித்ததில்லை. இதே ஆள் பிறகு அஸ்திரத்தை விட்டுவிட்டுத் திரும்ப அழைக்கத் தெரியாமல் நிற்பதும் அதே பர்வத்தில் வருகிறது. அர்ஜுனனுக்கு விடவும் தெரியும், அழைக்கவும் தெரியும்.

சியமந்தக மணியும் உண்டு. சூரியன் சத்ராஜித்துக்குக் கொடுத்தது, நாள்தோறும் எட்டுப் பாரம் பொன் தரும். அரசருக்குக் கொடு என்று கண்ணன் கேட்டும் அவன் தரவில்லை. தம்பி பிரசேனன் அதை மாட்டிக்கொண்டு வேட்டைக்குப் போய்ச் சிங்கத்திடம் சாகிறான். கேட்டவன்தான் கொன்றிருப்பான் என்று பழி கண்ணன் மேல். மணி திரும்ப வந்த பிறகும் ஓயவில்லை, அதற்காகவே சததன்வன் சத்ராஜித்தைக் கொல்கிறான். மணிக்கு எந்தத் தீய எண்ணமும் கிடையாது. சுற்றி இருப்பவர்களின் சந்தேகமே எல்லா வேலையையும் செய்துவிடுகிறது.

அமுதசுரபி யாரையும் கெடுக்கலையே? அதுவும் மந்திரப் பொருள்தானே?

நல்ல கேள்வி. கடலூரிலிருந்து வருகிற பெரியவர் கேட்டது. அமுதசுரபியில் பதுக்க ஒன்றும் இல்லை. பசித்தவருக்குப் போடப் போடச் சுரக்கும், அவ்வளவுதான். திருடினாலும் திருடன் சோறு போடவேண்டியதுதான்.

ஆனால் சோதனை அதிலும் உண்டு, மணிமேகலைக்கு முன் அதை வைத்திருந்த ஆபுத்திரன் கதையில். பஞ்ச காலத்தில் மதுரையில் சிந்தாதேவி கொடுத்த பாத்திரம் அது. அவன் செய்த அறத்தால் இந்திரனின் ஆசனமே நடுங்க, கிழ வேடத்தில் வந்து வரம் தருகிறேன் என்கிறான் இந்திரன். ஆபுத்திரன் விலா நோகச் சிரித்து, எனக்கென்ன வேண்டும் உன்னிடம் என்கிறான். கோபத்தில் இந்திரன் செய்ததுதான் விசித்திரம்: நாடெங்கும் மழையைக் கொட்டி வளமாக்கிவிட்டான். பசித்தவரே இல்லை! ஊர் ஊராய்ப் போய் ‘உண்பார் யாரும் உண்டா?’ என்று கேட்டு அலைகிறான் ஆபுத்திரன். கொடுப்பவனுக்கு வாங்குபவன் தேவைப்படுகிறான். இந்த இடத்தில் கொஞ்சம் சறுக்கினால், மறுபடி பஞ்சம் வராதா என்று ஏங்குகிறவனாக ஆகியிருப்பான். அவன் சறுக்கவில்லை. பசி உள்ள சாவக நாட்டுக்குக் கப்பல் ஏறி, நடுவில் மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டபோது, தன் ஒரு வயிற்றுக்காக அதை வைத்திருக்க மனமில்லாமல் கோமுகிப் பொய்கையில் விட்டு உயிரையும் விடுகிறான்.

நெல்லிக்கனிக் கதையும் இதுல சேருமா?

சேரும். நீண்ட ஆயுள் தரும் கனி அதியமானுக்குக் கிடைக்கிறது. அதன் பலனைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்துவிடுகிறான், புறநானூறு 91ஆம் பாட்டு. சொல்லியிருந்தால் அவள் வாங்கியிருக்கமாட்டாள் என்பது ஒன்று. சொல்லாததால் நன்றிக்கடனும் இல்லை. மேலே பில்போவின் கை பட்ட பாட்டோடு இதை வைத்துப் பாருங்கள். கனியைத் தின்றுவிட்டால் முடிந்தது என்பது அதியமானுக்கு ஒரு வசதி. வருஷக்கணக்காக வைத்திருக்கிற பொருள்தான் ஆளைப் பிடிக்கும்.

அலாவுதீன் விளக்கு, மூணு வரம், இதெல்லாம் குழந்தைக் கதைதானே?

அலாவுதீனின் அம்மாவை யாரும் கவனிப்பதில்லை. பூதத்தைப் பார்த்து மயங்கி விழுந்து எழுந்ததும், விளக்கையும் மோதிரத்தையும் தூக்கிப் போடு என்று மகனிடம் கெஞ்சுகிறாள். வீட்டில் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாதபோது! அந்தக் கதையில் விவரம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

மூன்று வரத்துக்கு டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய ‘குரங்கின் பாதம்’ படியுங்கள், நிச்சயம் குழந்தைக் கதை இல்லை. கிழவர் என்ன கேட்பதென்று தெரியவில்லை, வேண்டியதெல்லாம் இருக்கிறது என்கிறார். மகன்தான், வீட்டுக் கடன் அடைய 200 பவுண்டு கேளுங்கள் என்கிறான். எவ்வளவு அடக்கமான ஆசை! மறுநாள் மகன் ஆலை எந்திரத்தில் சிக்கிச் சாகிறான், கம்பெனி தரும் இழப்பீடு 200 பவுண்டு. வீட்டுக் கடன் கட்டுகிற எல்லோருக்கும் இந்தக் கதை அடிவயிற்றில் இடிக்கும்.

ஹாரி பாட்டர்ல டம்பிள்டோர் அவ்வளவு பெரிய ஆள், அவரே ஏன் அந்த மோதிரத்தைப் போட்டார்?

டம்பிள்டோர் ஹாரி படிக்கும் மாயப்பள்ளியின் தலைமை ஆசிரியர். இறந்தவர்களை வரவழைக்கும் கல் அந்த மோதிரத்தில் இருந்தது. இளம் வயதில் நடந்த ஒரு சண்டையில் அவர் தங்கை இறந்துபோனாள். அவளிடமும் பெற்றோரிடமும் வருத்தம் சொல்லவேண்டும் என்ற தவிப்பில், மோதிரத்தில் சாபம் இருக்கும் என்பதையே மறந்து போட்டுக்கொள்கிறார். கை கருகிவிடுகிறது. அதிகாரத்தின் மேல் தனக்குள்ள பலவீனம் தெரிந்து அமைச்சர் பதவியைப் பலமுறை மறுத்தவர். அந்தக் கதவை இழுத்துச் சாத்தியவருக்கு இன்னொரு கதவு திறந்திருந்தது. காண்டால்ஃபுக்கு இரக்கம் என்றால் இவருக்குக் குற்ற உணர்ச்சி.

ஏன் எல்லா மோதிரமும் ஆளை மறைய வைக்குது?

எல்லாம் இல்லை, ஆனால் பழைய முன்னோடி ஒன்று உண்டு. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் கிளாக்கன் ஒரு கதை சொல்கிறான். லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு மோதிரம் கிடைக்கிறது, கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் மறைந்துவிடலாம். அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடிக்கிறான். யாரும் பார்க்கவில்லை என்றால் நல்லவனும் கெட்டவனும் ஒன்றுதான் என்பது கிளாக்கனின் வாதம், சாக்ரடீஸ் அதை மறுக்கிறார். மறைவது என்றால் அக்கம்பக்கத்தின் கண்ணிலிருந்து தப்புவது. நம் ஊர்த் தெருக்களில் வளர்ந்த யாருக்கும் அதன் ருசியை விளக்க வேண்டியதில்லை.

இது குடிப்பழக்கத்தைத்தான் சொல்லுதுன்னு எடுத்துக்கலாமா? இல்ல, அணுகுண்டா?

ஸ்மீகலுக்குப் பொருந்தும். மோதிரத்துக்காக நண்பனைக் கொன்றவன், அதை ஒரே நேரத்தில் நேசிக்கவும் வெறுக்கவும் செய்கிறவன். குடியால் ஒரு வீடு சிதைவதைப் பார்த்தவர்களுக்கு அவனைச் சட்டென்று புரியும். ஆனால் போரமிருக்குப் பொருந்தாது. அவன் ஒரு தடவைகூட அதைப் போட்டதில்லை, கலாட்ரியல் தொட்டதுகூட இல்லை. பழக்கமே இல்லாதவருக்கு என்ன அடிமைத்தனம்?

அணுகுண்டு மாதிரி நிகழ்கால உருவகம் எதுவும் கதையில் இல்லை என்று டோல்கீனே இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் மறுத்திருக்கிறார். இரண்டாம் உலகப்போரை வைத்து எழுதியிருந்தால், மோதிரத்தைக் கைப்பற்றி சௌரோனுக்கு எதிராகவே பயன்படுத்தியிருப்பார்கள் என்கிறார். வாசகர் தன் வாழ்க்கைக்குப் பொருத்திப் பார்ப்பது வேறு, ஆசிரியர் இதைத்தான் ஒளித்து வைத்தார் என்பது வேறு. முதலாவதை தாராளமாகச் செய்யுங்கள்.

நான் ஒரு கதை எழுதறேன் மேடம். அரிக்கமேட்டுல கிடைச்ச ஒரு கண்ணாடி மணி, அதை வச்சிருக்கிறவங்க என்ன சொன்னாலும் எல்லாரும் நம்பிடுவாங்க. ஆனா கதை நகரவே மாட்டேங்குது.

பொருள் அருமை. ரோம் வரை வியாபாரம் நடந்த இடம், மணிகள் செய்த இடம், 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய மேடு. சரக்கு விற்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான மந்திரம் உண்டா? உன் சிக்கல் என்னவென்றால், மணியை எடுக்கிற நாலு பேரும் பணம்தான் சம்பாதிக்கிறார்கள். ஒரே ஆள் நாலு பெயரில் வருகிற மாதிரி இருக்கிறது.

வீராம்பட்டினத்தில் மீன் விற்கிற அம்மாவிடம் மணியைக் கொடுத்துப் பார். விலை ஏற்றிச் சொன்னாலும் நம்புவார்கள் என்பது அவளை ஒன்றும் செய்யாது, அது அவளுக்கு மணி இல்லாமலே வரும். ‘இன்றைக்குக் கடலுக்குப் போகாதே’ என்றால் மகன் கேட்பான் என்று தெரிந்தால்? நாளைக்கும் சொல்லலாம், அதற்கு மறுநாளும் சொல்லலாம். அப்படியே அவனைக் கல்யாணம்வரை, வேலைவரை நடத்தலாம். அங்கேதான் உன் கதை இருக்கிறது. அப்புறம் ஒரு விதியை முடிவு பண்ணு: மணி கைமாறிய பிறகு பழைய நம்பிக்கைகள் நிற்குமா, கலையுமா? கலையும் என்றால் அவளால் அதை விடவே முடியாது. அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மாவின் அத்தியாயத்தை மட்டும் எழுதி எடுத்து வா. தொல்லியல் விளக்கம் ஒரு பத்திக்கு மேல் போகவேண்டாம்.